எழுத்து உடையும் இடம் எது?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், அனுப்பர்பாளையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய வட்டம் தளராமல் கூடி வருவது எளிய செயலன்று. அதிலும் பட்டறை வேலையும் பனியன் தொழிலும் இரவு பகலாக நடைபெறும் இவ்வூரில், ஓய்வு என்று கிடைக்கும் ஒரு மாலைப் பொழுதைக் கவிதைக்கென ஒதுக்குவது பாராட்டுக்குரியது. கவிதையின் பாடுபொருள் பற்றியும் உத்திகள் பற்றியும் பேசுவதற்கு இம்மேடையில் என்னினும் தகுதியுடையோர் உள்ளனர். எனவே சற்று வேறுபட்ட பொருளொன்றை எடுத்துக்கொண்டேன். எழுதி முடித்த கவிதை கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் புகுந்து, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்று, அச்சேறும் வரையில் அதன் எழுத்துகளுக்கு என்ன நேர்கிறது என்பதே அப்பொருள்.

இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளை ஒருசேரத் திரட்ட முற்படும்போது, சில கோப்புகளில் தமிழுக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் நிற்கின்றன. சிலவற்றில் பொருளற்ற அயல் எழுத்துகள் குவிந்து கிடக்கின்றன. சிலவற்றில் வரி வரியாகக் கேள்விக்குறிகளே காணப்படுகின்றன. மூன்றையும் பார்த்து, “கணிப்பொறி கெடுத்துவிட்டது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள். முதலாவதில் கவிதைக்கு ஊறு எதுவும் நேரவில்லை. இரண்டாவதில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மூன்றாவதில் அந்தக் கோப்பினுள் கவிதையே இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் மீட்கக்கூடியதை அழித்துவிடுகிறோம். மீட்க முடியாததைப் பத்திரப்படுத்தி வைக்கிறோம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆடையில் ஓர் ஓட்டை தென்பட்டால், அது நூலில் வந்ததா, பின்னலில் வந்ததா, சாயத்தில் வந்ததா, தையலில் வந்ததா என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்வது இங்குள்ள வழக்கம். தையற்காரரைக் கடிந்துகொண்டால் நூலின் குறை தீராது. எழுத்திற்கும் இதே முறை பொருந்தும். தட்டும் இடம், சேமிக்கும் இடம், அனுப்பும் வழி, காட்டும் திரை என நான்கு படிகள் உள்ளன. எந்தப் படியில் உடைந்தது என்று கண்டறிவதே முதற்பணி.

எண்ணாக மாறும் எழுத்து

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை ஓர் அட்டவணை சொல்கிறது. தட்டச்சு மையங்களில் இன்றும் புழங்கும் பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பைத் திறந்து, எழுத்துருவை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்பினுள் உண்மையில் இருப்பவை அவையே. பாமினி என்னும் உடையை அணிவித்தால் அவை தமிழாகத் தோன்றும்; உடை இல்லாத கணிப்பொறியில் தமிழ் இல்லை.

இதைச் செய்தவர்கள் அறியாமையால் செய்தார்கள் என்று கருத வேண்டா. அன்றைய மின்னஞ்சல் பாதைகள் பல, ஆங்கிலத்திற்குரிய 128 இடங்களுக்கு அப்பாற்பட்ட எண்களைச் சிதைத்துவிடும். ஆகவே ஆங்கிலத்தின் இருக்கைகளிலேயே தமிழை அமர்த்தினால் கடிதம் உடையாமல் போய்ச் சேரும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துருவும் இவ்வழியையே கையாண்டது. அக்காலத் தேவைக்கு அது தக்க தீர்வு. ஆனால் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தமக்கென ஓர் அட்டவணையை அமைத்துக்கொண்டபோது புதிய தொல்லை பிறந்தது. கடைக்கொரு படி வைத்து அரிசி அளந்தால் என்ன ஆகும்? ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலை ஏற்பட்டது.

கூடிச் செய்த அட்டவணை

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர்கள் பெரும்பாலும் அதனால் அல்லலுற்றவர்களே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மின்னஞ்சற் குழு, பல நாட்டுத் தமிழர்களையும் தமிழிலேயே எழுதி உரையாடச் செய்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் அதற்குத் துணை நின்றது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் 97 மாநாட்டைக் கூட்டினார். அதே காலத்தில் பொது அட்டவணை ஒன்றை உருவாக்குவதற்கான விவாதம் மின்னஞ்சல் வழியாகவே நடைபெற்றது. அதன் பயனாகத் திஸ்கி என்னும் குறியீடு தோன்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தாம், தாப் என்னும் இரு குறியீடுகளையும் ஒரு பொது விசைப்பலகையையும் தமிழக அரசு ஏற்றது. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று.

இவற்றிற்கு முன்பே, 1991 அக்டோபரில் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. உலக மொழிகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்கும் அம்முறை மெல்ல மெல்ல எல்லாக் கருவிகளிலும் இடம்பெற்றது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோது, ஒருங்குறியையும், அது இயங்காத இடங்களுக்கு டேஸ்-16 என்னும் அனைத்து எழுத்துக் குறியீட்டையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது.

இவ்வரலாற்றில் ஒரு சிறு நிகழ்ச்சியை மட்டும் விரித்துக் கூற விரும்புகிறேன். திஸ்கியின் 1.6ஆம் வடிவில் இகரம் 173 என்னும் எண்ணில் அமர்ந்திருந்தது. அதே எண்ணில் மேலை நாட்டு அட்டவணை வேறொன்றை வைத்திருந்தது. சொல் வரியின் இறுதியில் முறியும்போது மட்டும் தோன்றி, மற்ற நேரங்களில் மறைந்து நிற்கும் சிறு கோடு அது. ஆகவே சில செயலிகள் தமிழ் இகரத்தைக் கண்டதும், இது மறைக்க வேண்டிய குறி என்று கருதி மறைத்துவிட்டன. ‘இரவு’ என்பது ‘ரவு’ ஆயிற்று; ‘இல்லை’ என்பது ‘ல்லை’ ஆயிற்று. எழுதியவர் சரியாகவே எழுதினார். எழுத்துருவும் சரியாகவே இருந்தது. பிழை இரண்டு அட்டவணைகள் மோதிய இடத்தில் இருந்தது. அதனைக் கண்டறிந்து 1.7ஆம் வடிவில் இகரத்திற்கு வேறோர் இடம் தந்தனர். செயலியைப் பழிக்காமலும் கவிஞரைத் திருத்தாமலும் பிழையின் இருப்பிடத்தைத் தேடிச் சென்றனர். பழுதுபார்த்தல் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இலக்கணம் அறிந்த விசைப்பலகை

பழுதுபார்ப்பதைப் போலவே, வசதியொன்றை வகுப்பதும் மொழியறிவு வேண்டும் செயலாகும். தமிழ்99 விசைப்பலகை அதற்குச் சான்று. உயிரெழுத்துகளை இடக்கைப் பக்கமும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அது வைத்தது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளில் 247 எழுத்துகளும் பிறக்கின்றன. ககரத்தை இருமுறை தட்டினால் முதற்ககரத்தின்மேல் புள்ளி தானே விழுந்து ‘க்க’ ஆகிறது. நகரத்தை அடுத்துத் தகரத்தைத் தட்டினால் ‘ந்த’ ஆகிறது. மகரத்தை அடுத்துப் பகரம் வந்தால் ‘ம்ப’ ஆகிறது. தமிழில் இரட்டிப்பும் இன எழுத்துச் சேர்க்கையும் மிகுதி என்ற இலக்கண உண்மை இங்கே விரல்களின் உழைப்பைக் குறைக்கும் வசதியாக மாறியிருக்கிறது.

ஆனால் எந்த வசதிக்கும் விலக்கு உண்டு. ‘மமதை’ என்று எழுத வேண்டுமானால் என்ன செய்வது? இரண்டு மகரங்களைத் தொடர்ந்து தட்டினால் ‘ம்மதை’ என்றாகும். இதனையும் முன்கூட்டியே எண்ணி, இடையில் அகர விசையைத் தட்டினால் புள்ளி விழாது என்று விதி செய்தனர். பொதுவிதியும் அதற்குப் புறநடையும் வகுப்பது நம் இலக்கண ஆசிரியர்களின் மரபு. அம்மரபு தெரிந்தவர்கள் உடன் அமர்ந்திருந்தால் கருவி மொழிக்கு இசைந்து நடக்கும். இல்லையேல் மொழி கருவிக்கு இசைந்து நடக்க நேரும்.

அப்படி நேர்ந்ததற்கும் சான்று தருகிறேன். ‘தமிழ்’ என்னும் சொல்லில் நாம் காணும் எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் அது ஐந்து குறிகள்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. ‘கோபுரம்’ நமக்கு நான்கு எழுத்து. கருவிக்கு ஏழு குறி. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலமானால் 160 எழுத்துகள் அடங்கும். தமிழானால் 70 குறிகளே அடங்கும். இத்தனை எழுத்துக்குமேல் ஏற்பதில்லை என்று வரம்பு கட்டும் செயலி, எழுத்தை எண்ணாமல் குறியை எண்ணினால் தமிழ்க் கவிஞருக்குக் கிடைக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. அதுமட்டுமன்று, வரம்பில் வெட்டும்போது எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடவும் கூடும். ‘வாழ்’ என்று முடிய வேண்டியது ‘வாழ’ என்று நிற்கும். ‘பாடு’ என்பது ‘பாட’ ஆகும். ஏவல் எச்சமாகிவிடும். திரையில் பிழை என்று எதுவும் தெரியாது. படிப்பவர் கவிஞரின் நடை அது என்றே கொள்வார். கண்ணுக்குத் தெரியும் சிதைவைக் காட்டிலும் இத்தகைய சிதைவே அஞ்சத்தக்கது.

மூன்று நோய்கள்

இனித் தொடக்கத்தில் குறிப்பிட்ட மூன்று நோய்களுக்கு வருவோம்.

முதலாவது, வெற்றுக் கட்டங்கள். கருவிக்கு எண் தெரிகிறது. அந்த எண்ணுக்குரிய தமிழ் வடிவம் அக்கருவியில் இல்லை. நான்கு படிகளில் கடைசியான திரையில் மட்டுமே குறை. தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினால் கவிதை முழுமையாகத் தோன்றும். இந்நிலையில் கோப்பை அழிப்பது பெரும் பேதைமை.

இரண்டாவது, அயல் எழுத்துக் குவியல். அட்டவணை மாறிப்போனதன் அடையாளம் இது. இதில் இரு வகை உண்டு. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் மட்டும் கலந்து நின்றால், அது பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்தது. உரிய எழுத்துருவைக் கண்டறிந்து மாற்றியால் மாற்றலாம். தலையில் சாய்கோடு இட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்து அமைந்த வணிகக் குறியும் திரும்பத் திரும்ப வந்தால், அது ஒருங்குறித் தமிழே. ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று சிறு எண்களாகப் பிரித்து அனுப்பப்படுகிறது. அவற்றுள் முதலாவது எப்போதும் 224. மேலை அட்டவணையில் அது தலைக்கோடிட்ட அந்த ‘ஏ’. இரண்டாவது எண் 174 அல்லது 175. அவற்றுள் 174தான் அந்த வணிகக் குறி. அட்டவணையைச் சரியாகத் தேர்ந்தால் கவிதை மீண்டும் தமிழாகும். இந்நிலையில் யாரேனும் அக்குவியலைத் ‘திருத்த’ முயன்று ஓரிரு குறிகளை நீக்கிச் சேமித்துவிட்டால், அவ்விடங்கள் மீளாமற் போகும். எனவே தொடாமல் வைத்திருப்பதே நல்ல மருத்துவம்.

மூன்றாவது, கேள்விக்குறிகள். தமிழை அறியாத அட்டவணை கொண்ட இடத்தில் சேமிக்க முயலும்போது, சில செயலிகள் தமக்குத் தெரியாத ஒவ்வொரு குறிக்கும் கேள்விக்குறியின் எண்ணாகிய 63ஐ எழுதிவிடுகின்றன. அகரமும் 63, ழகரமும் 63. எது எதுவாக இருந்தது என்பதற்கு அக்கோப்பினுள் சான்றே இல்லை. எந்த வல்லுநராலும் அதிலிருந்து கவிதையை எடுக்க இயலாது. மூலப்படி வேறெங்கேனும் இருந்தால் ஒழிய அக்கவிதை மறைந்ததே ஆகும்.

கண்ணுக்கு ஒன்று, கருவிக்கு வேறு

இம்மூன்றிலும் அடங்காத மறைபிழைகளும் சில உண்டு. கவிஞர்களும் மெய்ப்புத் திருத்துவோரும் இவற்றை அறிந்திருத்தல் நன்று.

ஔவையாரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘ஔ’ என்பது ஓரெழுத்து. பலர் ஒகரத்தைத் தட்டி, அருகில் ளகரத்தையும் தட்டி ‘ஒளவை’ என்று எழுதிவிடுகின்றனர். கண் இரண்டையும் ஒன்றாகவே காண்கிறது. கருவியோ பின்னதை ஒ, ள, வை என்று மூன்றெழுத்துச் சொல்லாகக் கொள்கிறது. ஔவையைத் தேடினால் இந்த ‘ஒளவை’ அகப்படமாட்டாள். அதுபோலவே துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை இடுவதும் உண்டு. ‘ஸ்ரீ’ என்னும் வடிவத்தில் மற்றொரு சிக்கல். 2005இல் ஒருங்குறியில் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பின், அதனைக் கொண்டு ‘ஸ்ரீ’ எழுதும் முறை வந்தது. அதற்கு முன் ஸகரத்தைக் கொண்டு எழுதினர். இரண்டும் திரையில் ஒன்றுபோல் தோன்றக்கூடும், தேடும்போது வேறுபடும்.

தட்டும் வரிசையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்திற்கு முன் நிற்கிறது. தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் தட்டிப் பழகினோம். ஒருங்குறி ககரத்தை முதலிலும் கொம்பைப் பின்னரும் வைக்கிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் கூறிய ஒலிமுறைக்கு இது ஒத்ததே. பழைய கோப்பை மாற்றும்போது இவ்வரிசை பிறழ்ந்தால் கொம்பு தனித்து, புள்ளிகளாலான வட்டம் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கும். அவ்வட்டத்தைக் கண்டால் வரிசை பிறழ்ந்தது என்று அறிந்துகொள்ளலாம்.

அகரவரிசையிலும் கவனம் தேவை. இந்திய மொழிகளின் எழுத்துகளை ஒன்றுக்கொன்று நேராக அடுக்கிய பழைய தரத்தை ஒருங்குறி பின்பற்றியதால், அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்திற்குப் பின்னும் நிற்கின்றன. நம் முறைப்படி ‘கலை’ முன்னும் ‘கனவு’ பின்னும் வர வேண்டும். எண் வரிசையிலோ கனவு முந்திக்கொள்ளும். அகராதியில் ‘பக்கம்’ முன்னும் ‘பகல்’ பின்னும் வரும். எண் வரிசையில் அதுவும் தலைகீழாகும். ஒருங்குறியில் ஒருமுறை தந்த எண்ணை மாற்றுவதில்லை என்பது உறுதியான விதி. ஆகவே எண்ணைத் தொடாமல், அடுக்கும் விதியைத் தனியே எழுதி இக்குறையைச் சரிசெய்தனர். அவ்விதியைக் கையாளாத செயலியில் கவிதைகளின் முதற்குறிப்பு அகராதியைத் தயாரித்தால், தமிழ் நெடுங்கணக்கு அறிந்தவர் ஒருவர் அதை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

அதேவேளையில் விடுபட்டதைச் சேர்ப்பதற்கு வழி உண்டு. தமிழின் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் உள்ளிட்ட 51 குறிகள் 2019இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. பழைய ஆவணங்களில் அவை வழங்கிய வகையைச் சான்றுகளோடு காட்டியதால் அது நிகழ்ந்தது. குறையைச் சான்றுடன் சொல்பவருக்குச் செவிசாய்க்கும் அமைப்பு இருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

நாம் செய்ய வேண்டுவன

இனி நம் வட்டத்திற்கு வருகிறேன். இங்குள்ள கவிஞர்கள் பலர் பேருந்திலும் உணவு இடைவேளையிலும் கைப்பேசியில் எழுதுபவர்கள். அவர்களுக்குக் கையெழுத்துப்படி என்று ஒன்று இல்லை. பேசி பழுதானால் கவிதையும் போயிற்று. எனவே நான்கு முறைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, வட்டத்திற்கு வரும் ஒவ்வொரு கவிதையையும் அச்சுக்கோப்பிலிருந்து தனித்து, ஒருங்குறியில் எளிய உரையாக இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். இரண்டாவது, பழைய கோப்புகளை மாற்றும்போது மூலக்கோப்பையும் அதற்குரிய எழுத்துருவையும் உடன் வைத்திருக்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மயிலை, திஸ்கி, ஒருங்குறி என்று காலந்தோறும் உடை மாற்றியும் இலக்கியங்களை இழக்காமல் கொண்டுவந்திருக்கிறது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்ததையும் பிறர் மெய்ப்புப் பார்த்ததையும் அதன் பலம் என்பேன்.

மூன்றாவது, பழுது நேர்ந்தால் “எழுத்து வரவில்லை” என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கருவியில் எதைக் கொண்டு தட்டினோம், எவ்வழியாக அனுப்பினோம், எங்கே பார்த்தோம், என்ன தெரிந்தது என்ற நான்கையும் ஒரு படத்துடன் சொல்ல வேண்டும். பழுதுபார்ப்பவரின் பணியில் பாதி அதிலேயே முடிந்துவிடும். நான்காவது, மாற்றிய கவிதையை அதனை எழுதியவரே ஒருமுறை படித்து ஒப்ப வேண்டும். ‘வாழ்’ என்று எழுதினாரா, ‘வாழ’ என்று எழுதினாரா என்பதை அவரன்றி யார் அறிவார்? பொருள் விளங்கவில்லை என்று நாமே ஒரு புள்ளியை வைப்பதும் எடுப்பதும் அறமாகாது.

பித்தளைக் குடம் ஒழுகினால் அதை உடனே உருக்க முற்படும் பட்டறை இவ்வூரில் இல்லை. நீர் நிரப்பி, கசியும் இடத்தைக் கண்டு, அவ்விடத்தை மட்டும் அடைப்பார்கள். நம் ஊரின் இத்தொழிலறிவைக் கவிதையின் எழுத்துக்கும் பயன்படுத்துவோம். இதற்குக் கணிப்பொறிப் பட்டம் வேண்டியதில்லை. புள்ளி ஒன்று விழுந்தால் பொருள் மாறும் என்று அறிந்த கவிஞர்களே இப்பணிக்கு மிகவும் உரியவர்கள். வரும் மாதக் கூட்டங்களில் கவிதை வாசிப்புக்குப் பின் அரைமணி நேரத்தை, பழைய கோப்புகளைத் திறந்து பார்ப்பதற்கு ஒதுக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில், இந்தப் பத்தாண்டுகளில் கேள்விக்குறிகளாகிப்போன கவிதைகள் எவை என்று ஒரு பட்டியல் எடுப்போம். அவற்றை எழுதியவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். சிலவற்றை அவர்கள் இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கக்கூடும். அவர்கள் சொல்லச் சொல்ல மீண்டும் எழுதிக்கொள்ளலாம்.